பழைய டிவி நாடகத்தைத் தேடிப் பிடிப்பது எப்படி? வண்ணாரப்பேட்டையிலிருந்து ஒரு வழிகாட்டி

"அந்த அஞ்சு பொண்ணுங்க நாடகம் போனுல வருமா?" என்று வீட்டில் பெரியம்மாவோ அத்தையோ கேட்டு, நீங்கள் தேடிப்பார்த்துக் களைத்துப் போயிருந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். சில நாடகங்கள் முதல் பகுதியிலிருந்து கடைசிப் பகுதி வரை கிடைக்கும். சில நடுவில் பல்லுப் போன மாதிரி கிடைக்கும். சிலது யாரோ ஒருவர் வீட்டுப் பரணில் கேசட்டாக மட்டும் இருக்கும். தேடும் நாடகம் இதில் எந்த வகை என்று கண்டுபிடிப்பதே பாதி வேலை.

ஒரு விஷயம் முதலிலேயே. ராயபுரம், தண்டையார்பேட்டை, காசிமேடு பக்கம் பெரியவர்களிடம் "என்ன சீரியல்?" என்று கேட்பதைவிட "என்ன நாடகம்?" என்று கேளுங்கள். நிறைய பேர் அப்படித்தான் சொல்லிப் பழகியிருக்கிறார்கள்.

முதல் வேலை: எந்த நாடகம், எந்த வருஷம்?

இதில் அவசரப்படாதீர்கள். இருபது வருஷத்துக்கு முன்னால் நம் பக்கத்துச் சந்துகளில் எல்லா வீட்டிலும் டிவி இல்லை. ஒண்டுக்குடித்தனங்களில் ஒரு வீட்டு டிவியை வாசற்படியில் உட்கார்ந்து நாலு குடும்பம் பார்க்கும். விடியற்காலையில் மீன் எடுக்கக் காசிமேட்டுக்குப் போகிறவர்கள் பாதி நாடகத்திலேயே தூங்கப் போய்விடுவார்கள். அதனால் நினைவு துண்டு துண்டாகத்தான் இருக்கும். ஒரு நாடகத்து மாமியார் இன்னொரு நாடகத்து மருமகளைத் திட்டுவதாக உங்கள் அத்தை சத்தியம் செய்வார். சண்டை போடாதீர்கள், குறித்துக்கொள்ளுங்கள்.

தலைப்பைக் கேட்டால் தப்பாக வரும். அதற்குப் பதில் மூன்று விஷயம் கேளுங்கள்: அப்பாவாக யார் நடித்தார், தலைப்புப் பாட்டில் ஏதாவது ஒரு வரி, அப்புறம் எப்போது பார்த்தார்கள். மூன்றாவதுதான் மிக முக்கியம். ஆனால் "எந்த வருஷம்?" என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. "சுனாமிக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று கேட்டால் திருவொற்றியூர் முதல் ராயபுரம் வரை எல்லோரும் பதில் சொல்வார்கள். அது 2004 டிசம்பர் 26. "கவர்மென்ட் கலர் டிவியில பாத்தீங்களா?" என்று கேட்டால் 2006க்கு முன்பா பின்பா என்று தெரிந்துவிடும். ஏனென்றால் அந்த வருஷம் தேர்தலுக்குப் பிறகுதான் இலவசத் தொலைக்காட்சி கொடுக்க ஆரம்பித்தார்கள். யார் கல்யாணத்துக்கு முன்னால், எந்தப் பிள்ளை கைக்குழந்தையாக இருந்தபோது என்று கேட்பதும் நன்றாக வேலை செய்யும்.

இப்போது வருஷத்தை நாடகத்தோடு பொருத்துங்கள். சன் டிவி 1993 ஏப்ரல் 14ஆம் தேதி தொடங்கியது. ராதிகாவின் சித்தி 1999 டிசம்பரில் ஆரம்பித்து 2001 நவம்பரில் முடிந்தது. அவரே நடித்த அண்ணாமலை 2002இல் வந்தது. இரண்டும் ஒரே நினைவில் ஒட்டிக்கொள்வது சகஜம். மெட்டி ஒலி 2002 ஏப்ரல் முதல் 2005 செப்டம்பர் வரை, மொத்தம் 811 பகுதிகள். தேவயானி அபியாக நடித்த கோலங்கள் 2003 நவம்பர் முதல் 2009 டிசம்பர் வரை, 1533 பகுதிகள். ராதிகாவின் அரசி 2007இல் வந்தது. தென்றல் 2009 டிசம்பரிலும் நாதஸ்வரம் 2010லும் தொடங்கின.

ஆக, சுனாமி நேரத்தில் மெட்டி ஒலியும் ஓடியது, கோலங்களும் ஓடியது. சுனாமி என்று மட்டும் சொன்னால் போதாது. அப்போது இலவச டிவி கேள்வியைப் போடுங்கள். கவர்மென்ட் டிவியில் புதுப் பகுதி பார்த்தேன் என்றால் மெட்டி ஒலி இல்லை. அஞ்சு பெண்கள், அவர்களைக் கட்டிக்கொடுத்துவிட்டு ஒவ்வொரு வீட்டுச் சண்டைக்கும் ஓடும் அப்பா என்றால் அது மெட்டி ஒலிதான். அந்த அப்பா சிதம்பரமாக நடித்தவர் டெல்லி குமார். இயக்கிய திருமுருகனே கோபி என்ற பாத்திரத்திலும் நடித்தார். 2020 ஊரடங்கில் சன் டிவி இதை மறுபடியும் ஒளிபரப்பியது. அதனால் "கொரோனா டைம்ல பாத்தேன்" என்று சின்னப் பிள்ளைகள் சொன்னாலும் அது சரியே.

இரண்டாவது: நாடகத்தை எடுத்தவரைத் தேடுங்கள்

பெரும்பாலானவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். நாடகத்தின் பெயரைப் போட்டுத் தேடுவார்கள். ஐந்து நிமிடத் துண்டுகள், நடிகைகளின் பேட்டி, "அன்று இன்று" படங்கள் என்று வந்து கொட்டும். முழு நாடகம் கண்ணில் படாது.

காரணம் அந்தக் காலத்து வியாபார முறை. அப்போது சன் டிவியில் பல நாடகங்களுக்குத் தயாரிப்பாளர் சானலுக்குப் பணம் கட்டி அரை மணி நேரத்தை எடுத்துக்கொள்வார். அந்த நேரத்துக்கான விளம்பரங்களை அவரே பிடித்துக்கொள்வார். நாடகத்தின் உரிமையும் பெரும்பாலும் அவரிடமே இருக்கும். அதனால் பழைய நாடகங்களைப் பின்னாளில் யூடியூபில் ஏற்றியவர்களும் பல சமயம் தயாரிப்பு நிறுவனங்களே. சானலின் பெயரில் தேடினால் கிடைக்காதது தயாரிப்பாளரின் பெயரில் தேடினால் வரிசையாகக் கிடைக்கும்.

யார் எதை எடுத்தார்கள்? சித்தி, அண்ணாமலை, செல்வி, அரசி எல்லாம் ராதிகாவின் ராடான். மெட்டி ஒலி, சினி டைம்ஸ். கோலங்களும் தென்றலும் விகடன் டெலிவிஸ்டாஸ். நாதஸ்வரம், திருமுருகனின் திரு பிக்சர்ஸ். கே. பாலசந்தர் நாடகம் என்றால் கவிதாலயா அல்லது மின்பிம்பங்கள். ஏவி.எம்மும் ஹோம் மூவி மேக்கர்ஸும் நிறைய எடுத்திருக்கிறார்கள். உங்கள் நாடகம் இதில் இல்லையா? எப்படியாவது ஒரே ஒரு பகுதியைப் பிடித்துவிடுங்கள், எவ்வளவு மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை. தலைப்புப் பாட்டு முடியும் இடத்தில் தயாரிப்பு நிறுவனத்தின் பெயர் வரும். அங்கே நிறுத்தி எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரு துண்டுகூடக் கிடைக்கவில்லை என்றால் நூலகம்தான். எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் இருக்கும் கன்னிமாரா நூலகத்துக்கு, நாட்டில் அச்சாகும் நூல்களும் நாளிதழ்களும் சட்டப்படி வந்து சேரும். பழைய நாளிதழ்களில் அன்றைய நிகழ்ச்சிப் பட்டியல் இருக்கும். நாடகம் தொடங்கும் வாரத்தில் விளம்பரமும் வந்திருந்தால் தயாரிப்பாளர், இயக்குநர், நடிகர் எல்லாம் ஒரே இடத்தில் கிடைத்துவிடும். முதல் வேலையில் எப்போது பார்த்தார்கள் என்று துருவிக் கேட்கச் சொன்னது இதற்காகவும்தான். வருஷம் மட்டும் தெரிந்தால் புரட்டி மாளாது. பழைய வார இதழ்கள் வேண்டுமென்றால் சென்ட்ரல் பக்கம் மூர் மார்க்கெட்டில், அதாவது 1985 தீ விபத்துக்குப் பிறகு வந்த அல்லிக்குளம் வளாகத்துப் பழைய புத்தகக் கடைகளில் கேட்டுப்பாருங்கள்.

தேடும்போது கவனிக்க வேண்டியவை சில. ஆங்கில எழுத்தில் தேடினால் ஒரே பெயரை நாலு விதமாக எழுதியிருப்பார்கள். மெட்டிக்கு ஒரு 'டி'யும் வரும், இரண்டு 'டி'யும் வரும். எல்லாவற்றையும் போட்டுப்பாருங்கள், தமிழிலும் போடுங்கள். சித்தி என்று தேடினால் 1966இல் வந்த திரைப்படமும் வரும், 2020இல் தொடங்கிய சித்தி 2-உம் வரும். கூடவே நடிகர் பெயரையோ "பகுதி 1" என்பதையோ சேர்த்தால் குழப்பம் குறையும்.

கிடைத்த சானல் உரிமை உள்ளவருடையதா என்று எப்படித் தெரியும்? ஒரே நாடகம் முதல் பகுதியிலிருந்து எண் வரிசையில், பிளேலிஸ்டாக, ஒரே மாதிரித் தலைப்போடு இருக்கும். அதே நிறுவனத்தின் மற்ற நாடகங்களும் அங்கேயே இருக்கும். திருட்டுப் பிரதியோ இடவலம் மாறித் தெரியும், படத்தைச் சுற்றிப் பூப்போட்ட சட்டம் இருக்கும், குரல் கீச்சுக்கீச்சென்று கேட்கும். பிடிபடாமல் இருக்கச் செய்யும் வேலை அது. ஒரு வாரம் பார்ப்பீர்கள், அடுத்த வாரம் சானலே இருக்காது. அதை நம்பி 811 பகுதியை ஆரம்பிக்க வேண்டாம்.

செயலிகள், தூர்தர்ஷன்

சன் குழுமத்தின் செயலியான சன் நெக்ஸ்ட் 2017 முதல் இருக்கிறது. பணம் கட்டும் முன்னால் நாடகத்தின் பெயரைத் தேடி, முதல் பகுதியும் கடைசிப் பகுதியும் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுக் கட்டுங்கள். பெயர் பட்டியலில் இருப்பதும் முழுதாக இருப்பதும் வேறு வேறு.

தூர்தர்ஷன் நாடகம் என்றால் கதையே வேறு. சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15 முதல் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை நாடகத்தை இன்றும் சொல்லிச் சொல்லி மாய்கிறவர்கள் உண்டு. ஆனால் அந்தக் காலத்தில் ஒளிநாடா விலை அதிகம், ஒன்றை அழித்து அதன்மேல் இன்னொன்றைப் பதிவது வழக்கம். எஞ்சியதில் கொஞ்சம், தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதியின் ஆவணக் காப்பக யூடியூப் சானலிலும், 2024 நவம்பரில் வந்த அதன் வேவ்ஸ் செயலியிலும் வெளியாகிறது. பொதிகை 2024 ஜனவரியில் டிடி தமிழ் என்று பெயர் மாறிவிட்டதால் இரண்டு பெயரிலும் தேடுங்கள்.

மூன்றாவது: பரணைக் கிளறுங்கள்

இணையத்தில் இல்லாதது வீட்டில் இருக்கலாம். இங்கே கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டியிருக்கிறது.

பீச் ஸ்டேஷனுக்கு எதிரே இருக்கும் பர்மா பஜார், பர்மாவிலிருந்து திரும்பியவர்களுக்காக அறுபதுகளில் உருவானது. டெக் (வீடியோ கேசட்டை ஓட்டும் கருவி), கேசட், அப்புறம் விசிடி என்று வடசென்னைக்கு வந்ததில் பெரும்பகுதி அந்த வழியாக வந்ததுதான். வசதியாக இருந்த சில வீடுகளில் நாடகத்தையும் பதிந்து வைத்தார்கள். வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர்களையும் கேளுங்கள். லண்டன், டொராண்டோ பக்கம் தமிழ்க் கடைகளில் நாடகக் கேசட்டை வாடகைக்கு எடுத்துப் பார்த்த தலைமுறை அவர்கள். "சித்தப்பா, பழைய கேசட் ஏதாச்சும் இருக்கா?" என்று ஒரு குரல்செய்தி அனுப்புவதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

கேசட் கிடைத்துவிட்டதா? உடனே டெக்கில் போடாதீர்கள். நம் பக்கம் கடற்காற்று, ஈரம். சுருளின்மேல் பூஞ்சை பிடித்திருக்கும். கேசட்டின் சின்னக் கண்ணாடி வழியாக வெளிச்சத்தில் பாருங்கள். சுருளின் விளிம்பில் வெள்ளைப் பொடியோ திட்டோ தெரிந்தால் அதை ஓட்டவே கூடாது. ஓட்டினால் நாடாவும் கெடும், டெக்கின் ஹெட்டும் கெடும், அடுத்துப் போடுகிற நல்ல கேசட்டிலும் பூஞ்சை ஒட்டும். அதைத் தனியாக ஒரு டப்பாவில், மருந்துப் புட்டியோடு வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களைப் போட்டு மூடி வையுங்கள். சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் பிறகு கொடுக்கலாம்.

சுத்தமாக இருந்தால், ஒரு முறை கடைசிவரை முன்னால் ஓட்டி, திரும்பச் சுற்றுங்கள். வருஷக்கணக்கில் சுற்றாமல் கிடந்த நாடா ஒட்டிக்கொண்டிருக்கும், அது தளரும். அதன் பிறகு பாருங்கள்.

டெக் இல்லாவிட்டால் இரண்டு வழி. கல்யாணக் கேசட்டைப் பென் டிரைவில் மாற்றித் தரும் ஸ்டூடியோக்கள் இன்னும் இருக்கின்றன. உள்ளே என்ன இருக்கிறது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். டிவி நாடகம் என்றால் சிலர் வாங்க மாட்டார்கள். இன்னொரு வழி, நாமே மாற்றுவது. பழைய டெக்குக்குப் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை நல்ல இடம். பீச்சிலிருந்து தாம்பரம் ரயிலைப் பிடித்தால் நேராகப் போகலாம். ஒரு வீணான கேசட்டைக் கையோடு எடுத்துப் போய், வாங்கும் முன்பு போட்டு ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். லைட் எரிகிறது என்பதை மட்டும் பார்த்து வாங்கக்கூடாது, அங்கே எல்லாவற்றிலும் லைட் எரியும். கேசட்டை உள்ளே இழுத்து, படம் காட்டி, முழுதாக வெளியே தள்ள வேண்டும்.

டெக்கிலிருந்து கம்ப்யூட்டருக்குக் கொண்டுவர யூஎஸ்பி கேப்சர் என்ற சின்னக் கருவி வேண்டும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் கேளுங்கள். வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறினால் அரசினர் தோட்டத்தில் இறங்கி நடக்கலாம். மஞ்சள் வயர் படத்துக்கு, சிவப்பும் வெள்ளையும் ஒலிக்கு. டெக்கில் ஒலிக்கு ஒரே ஓட்டைதான் இருக்கிறது என்றால் பயப்பட வேண்டாம், அது மோனோ. வெள்ளையை மட்டும் செருகினால் போதும். பதிய ஓபிஎஸ் (OBS) என்ற இலவச மென்பொருள் போதும். நம் ஊர் ஒளிபரப்பு பால் (PAL) முறை என்பதால் அளவு 720க்கு 576, நொடிக்கு 25 சட்டகம் என்று வையுங்கள். அசையும் இடத்தில் சீப்புப் பல் மாதிரிக் கோடு தெரிந்தால் 'டீஇன்டர்லேஸ்' என்பதைப் போடுங்கள், போய்விடும்.

மூன்று மணி நேரக் கேசட் மாற மூன்று மணி நேரம் ஆகும், குறுக்கு வழி கிடையாது. கோடை மத்தியானம் கரண்ட் போனால் லேப்டாப் தாங்கும், டெக் தாங்காது. எனவே ஒரே கோப்பாக இல்லாமல் பகுதி பகுதியாகப் பதிந்துகொள்ளுங்கள். விளம்பரங்களை வெட்டி எறியாதீர்கள். எந்தப் பண்டிகைக்குத் தள்ளுபடி, எந்தப் படத்துக்கு டிரெய்லர் என்பதைப் பார்த்தே அந்தப் பகுதி வந்த மாதத்தைச் சொல்லிவிடலாம். சில சமயம் நாடகத்தைவிட விளம்பரத்துக்குத்தான் வீட்டில் கைதட்டல் விழும்.

விசிடி என்றால் வேலை சுலபம். யூஎஸ்பியில் செருகும் டிவிடி டிரைவ் போதும். வட்டுக்குள் இருக்கும் 'டேட்' (.dat) கோப்புகளை விஎல்சி பிளேயர் காட்டும். சாதாரணமாகக் காப்பி செய்யும்போது பிழை காட்டி நின்றால் விஎல்சியிலேயே 'கன்வர்ட்' வழியாகச் சேமித்துப் பாருங்கள். நிமிஷத்துக்குச் சுமார் 10 எம்பி ஆகும். துடைக்கும்போது மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கித் துடையுங்கள், சுற்றிச் சுற்றித் தேய்த்தால் கீறல் நீளமாக விழும்.

பார்க்க உட்காரும் முன்

கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். விளம்பரம் இல்லாமல் ஒரு பகுதி 20 நிமிஷம் என்று வைத்தால் மெட்டி ஒலி 270 மணி நேரம். தினம் இரண்டு பகுதி என்றால் ஒரு வருஷத்துக்கு மேல் ஓடும். கோலங்கள் அதைப்போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. முதல் முறை இந்தப் பழக்கத்துக்கு வருகிறவர்கள் கோலங்களில் ஆரம்பிக்க வேண்டாம் என்பது என் கருத்து. அபியும் ஆதியும் மோதும் கட்டங்கள் பிரமாதம்தான், ஆனால் அவ்வளவு நீளத்துக்கு வீட்டில் எல்லோருக்கும் பொறுமை இருக்காது. சித்தியில் தொடங்குங்கள், இரண்டு வருஷத்துக்குள் முடிந்த கதை, கையடக்கமானது.

பழைய படம் கிட்டத்தட்டச் சதுரமாக, 4க்கு 3 அளவில் இருக்கும். இன்றைய டிவி அதை இழுத்து அகலமாக்கினால் டெல்லி குமார்கூடக் குண்டாகத் தெரிவார். ரிமோட்டில் படத்தின் அளவை 4:3க்கு மாற்றுங்கள், இரண்டு பக்கமும் கறுப்பாக இருந்தால் இருக்கட்டும். யூடியூபில் தரத்தை ஏற்றுவதால் பழைய படம் தெளிவாகிவிடாது. 360 வைத்தால் போதும், டேட்டாவும் மிஞ்சும்.

பெரியவர்களுக்குப் போனில் தனியாக விட்டால் அடுத்த பகுதிக்குப் பதில் வேறு எங்கோ போய் நிற்பார்கள். பிளேலிஸ்டைச் சேமித்து, தானாக அடுத்தது ஓடும்படி வைத்துக் கொடுங்கள். ஒரு நோட்டை டிவிக்குப் பக்கத்தில் வைத்து, பார்த்த பகுதி எண்ணைத் தேதியோடு எழுதச் சொல்லுங்கள். யூடியூப் நினைவில் வைத்திருக்கும் என்று நம்பாதீர்கள். பேரன் அதே போனில் கார்ட்டூன் பார்த்தால் எல்லாம் கலைந்துவிடும்.

விட்டுப்போன பகுதிகளுக்கு

நடுவில் சில பகுதிகள் இல்லாவிட்டால் முதலில் எண்ணைச் சரிபாருங்கள். இரண்டு பகுதியை ஒன்றாக ஏற்றியிருப்பார்கள், அல்லது ஒரே எண்ணை இரண்டு முறை போட்டிருப்பார்கள். வீடியோ எத்தனை நிமிஷம் என்று பார்த்தால் தெரிந்துவிடும். உண்மையிலேயே இல்லை என்றால் அடுத்த பகுதியின் தொடக்கத்தில் வரும் முன்கதையைப் பாருங்கள். குடும்ப நாடகத்தில் ஒரு சண்டை ஒரு வாரம் நீளும் என்பதால் ஒன்றிரண்டு பகுதி போனால் பெரிய நஷ்டம் இல்லை. கல்யாணம், சாவு வரும் பகுதிகள் போயிருந்தால் மட்டும் தயாரிப்பு நிறுவனத்துக்கு எழுதுங்கள். நாடகத்தின் பெயர், விடுபட்ட எண்கள் இரண்டையும் குறிப்பிட்டுச் சுருக்கமாக எழுதினால் போதும்.

உங்கள் கேசட்டில் இருப்பது அவர்களிடம் இல்லாத பகுதியாகவும் இருக்கலாம். அதை நீங்களே யூடியூபில் ஏற்றவோ பென் டிரைவில் போட்டு விற்கவோ கூடாது. நம் சட்டப்படி ஒளிப்பதிவுக்கு வெளியானதிலிருந்து 60 வருஷம் உரிமை உண்டு. 2002 நாடகத்துக்கு இன்னும் வெகுகாலம் இருக்கிறது. அந்தப் பகுதி இருக்கிறது என்று நிறுவனத்துக்குச் சொல்லுங்கள். கேட்டால் பிரதி கொடுங்கள், மூலக் கேசட்டை மட்டும் கையை விட்டுக் கொடுத்துவிடாதீர்கள்.